இடம் மாறிய ஏரி

"ஏரி நகராது சார். நகர்ந்தா அதுக்குப் பேரு கப்பல்."

இதைச் சொன்னவர் என் மாமியார். கேட்டுக்கொண்டிருந்தவர் நீர்நிலைத் துறையின் இயக்குநர். இடம், நான்காம் மாடியில் அவருடைய குளிரூட்டிய அறை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சுக்கு நடுவே கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கோப்பை எடுப்பார், நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார், கிறுக்குவார், மூடுவார். மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

என் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தீப்பிடித்த கடைகளுக்குப் போய், தீ தானாக வந்ததா, முதலாளி அழைத்து வந்ததா என்று கண்டுபிடிக்கும் வேலையை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பார்த்துத் தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டு முன்னறையில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். அவருடைய மகன், அதாவது என் கணவர், வருஷத்தில் பாதியைக் கடலில் கழிப்பவர். எனவே உதவியாளர் பதவிக்கு வேறு போட்டி இல்லாமல் நான் தேர்வானேன். அன்று காலை அடுக்களையில் அவருடைய கண்ணாடி ஜாடி ஒன்றை நான் கைதவறிப் போட்டு உடைத்திருந்தேன். அதைப் பற்றிய சொற்பொழிவு இந்த அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்வரை நடந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்க சார்," என்றார் அத்தை. வெளியாட்கள் முன்னால் 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. எனக்கு அது மறந்து மறந்து போகும்.

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம துறை ஒரு ஆன்லைன் மேப் போட்டிருக்கு மேடம். ஏரி, குளம், வாய்க்கால் எல்லாம் அதுல இருக்கு. வீட்டுல உக்காந்துக்கிட்டே யார் வேணும்னாலும் பாக்கலாம். ஏரி எல்லைக்குள்ள ஒரு வீடு வந்துச்சுன்னா சிஸ்டமே கண்டுபிடிச்சு, அந்த வீட்டுக்காரர் போனுக்கு 'ஏழு நாள்ல காலி பண்ணு'ன்னு மெசேஜ் அனுப்பிடும். மனுஷக் கையே படாது. போன வாரம் அமைச்சர் திறந்து வச்சார்."

"நல்ல விஷயம்தானே."

"திறந்த அன்னிக்கே ஒரு தெருவுக்கு மொத்தமா மெசேஜ் போயிடுச்சு. ஏரிக்கு மேற்கால இருக்குற தெரு. மேப்புல பாத்தா ஏரி அந்தத் தெரு மேல ஏறி உக்காந்திருக்கு."

"நிஜ ஏரி?"

"அது பாட்டுக்கு இருந்த இடத்துலயே இருக்கு. என் வீட்டு மாடியிலேருந்து பாத்தாலே தெரியும். அமைச்சர், நான், பெரிய அதிகாரிங்க எல்லாரும் ஏரிக்குக் கிழக்கால குடியிருப்புலதான் இருக்கோம். நல்ல காத்து."

"அப்ப மேப்பைத் திருத்திட வேண்டியதுதானே சார்?" என்று கேட்டேன்.

நாற்காலி பேசியதுபோல என்னைப் பார்த்தார். "அமைச்சர் கையால திறந்து வச்ச மேப்பும்மா. அது தப்புன்னு சொன்னா, அமைச்சர் ஒரு தப்பைத் திறந்து வச்சார்னு ஆகும். திருத்த முடியாது."

"அதனால தெருவை இடிச்சுத் திருத்தலாம்னு இருக்கீங்க," என்றார் அத்தை, சாதாரணமாக.

"இன்னொரு வழி இருக்கு. யாரோ சதி பண்ணி ஏரியை நகர்த்திட்டாங்கன்னு ஆச்சுன்னா, திருத்தலாம். தப்பு துறையோடது இல்ல, சதிகாரனோடதுன்னு ஆயிடும். ஆளும் கிடைச்சாச்சு. மேப்பைச் செஞ்ச பொண்ணு, ஒப்பந்தத்துல வேலை பாக்குறவ. ஏரி நகர்ந்தது அவ கணக்குலேருந்துதான்னு கம்ப்யூட்டரே காட்டுது. சாயங்காலம் நிருபர்கள் வர்றாங்க. அதுக்குள்ள அவகிட்ட வாக்குமூலம் வாங்கிடுவேன். அவளுக்குக் காசு குடுத்தது யாருன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"துறையே விசாரிக்கலாமே சார்?"

"துறை விசாரிச்சா மூணு வருஷம் ஆகும்," என்றார் இயக்குநர். குரலில் சற்றுப் பெருமைகூட இருந்தது.

அத்தை எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "நீங்க அந்த மேப்பைத் தொட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"நானா? பாத்ததோட சரி," என்று சொல்லி அடுத்த கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார் அவர்.

*

மேப் செய்த பெண்ணுக்குத் துறை கொடுத்திருந்த அறை கீழ்த்தளத்தில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில். உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடத்தில் ஒரு மூலையை ஒதுக்கி அவளையும் போட்டுவைத்திருந்தார்கள். லிஃப்ட் ஏறும்போதெல்லாம் மேசை நடுங்கியது. அந்த மேசையில் தட்டச்சு செய்த வாக்குமூலமும், மேலே ஒரு பேனாவும் தயாராக இருந்தன. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நான் செய்யல மேடம்," என்றாள். அழுது முடித்த முகம். "ஆனா கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"செய்யலைன்னா எதுக்குப் போடணும்?"

"அந்தத் தெரு ஜனங்க தினமும் கேட் முன்னாடி வந்து நிக்குறாங்க. நான் ஒத்துக்கிட்டா மேப்பைத் திருத்திடுவாங்க. அத்தனை வீடும் தப்பிச்சுடும். நான் ஒருத்திதானே."

"ஜெயிலுக்குப் போகணும், தெரியுமில்ல?"

"தெரியும். அப்புறம் எங்கயும் மேப் வேலை கிடைக்காது. அதுவும் தெரியும்."

நாலு மாடி மேலே ஒருவர் குளிரில் உட்கார்ந்து படிக்காமல் கிறுக்குகிறார். இங்கே ஒரு பெண், ஊர் பிழைக்கட்டும் என்று படித்துப் பார்த்துவிட்டு ஜெயிலுக்குக் கையெழுத்துப் போடப் போகிறாள்.

அத்தை பேனாவை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "ஏரியைக் காட்டு."

லேப்டாப்பில் மேப் விரிந்தது. ஏரி நீல நிறத்தில், கத்தரிக்காய் வடிவத்தில் இருந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே கத்தரிக்காய், அதே காம்பு. கொஞ்சம் மேற்கே தள்ளி, தெருவின் மேல் படுத்திருந்தது.

"ஒரு கரைகூடக் கோணலை," என்றார் அத்தை. "நிலத்தை அமுக்குறவன் கரையை ஒரு ஓரமாத் தள்ளுவான். முழு ஏரியையுமா தூக்கிட்டுப் போவான்?"

"பெரிய கையா இருக்கும் அத்தை."

"மேடம்."

"பெரிய கையா இருக்கும் மேடம்."

அந்த நேரம் அது வெறும் கிண்டல்தான். பிறகு நானே அதற்காகத் தோளில் தட்டிக்கொண்டேன்.

"எப்ப நகர்ந்திருக்கு?" என்று கேட்டார் அத்தை.

"திறப்பு விழா நடந்துக்கிட்டிருந்தப்ப. அப்ப நான் மண்டபத்துக்கு வெளியில நின்னேன் மேடம். ஒப்பந்த ஆளுங்களுக்கு உள்ள வர பாஸ் கிடையாது."

"நீ செஞ்ச மேப்பைத் திறக்குறாங்க, உனக்கு பாஸ் இல்லையா?" என்றேன்.

"நாற்காலி பத்தாதுன்னு சொன்னாங்க."

"அப்புறம் எப்படி உன் கணக்குல?"

"மேடையில இருந்த லேப்டாப்புல என் கணக்குலதான் திறந்து வச்சுட்டு வந்தேன். மாடியில இருக்குற பெரிய சாருக்குக் குடுத்த கணக்குல 'பார்க்க மட்டும்'னு இருக்கும். அது தன் பதவிக்குக் குறைச்சல்னு சொல்லிட்டார். என் கணக்குல எல்லா அதிகாரமும் இருக்கு, அதையே திறந்து வைன்னார். மேடையில ஏகப்பட்ட பேரு. யாரு தொட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏரிக்கு மேற்கே இருக்குற நிலத்து மேல யாருக்காவது கண்ணு உண்டா?"

அவள் யோசித்தாள். "ஒருத்தர் வந்தார் மேடம். கோட்டுக்காரர்னு சொல்வாங்க, நிலம் வாங்கி விக்கிறவர். மேற்குக் கரைக்கும் அந்தத் தெருவுக்கும் எவ்வளவு தூரம்னு ரெண்டு தடவை கேட்டுட்டுப் போனார். விழாவுல முன் வரிசையில அவருக்கு நாற்காலி போட்டிருந்தாங்க."

நான் எழுந்தே விட்டேன். நாற்காலி கிடைத்த திருடன் அகப்பட்டுவிட்டான். லிஃப்டில் ஏறும்போது, "மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம். அந்தப் பொண்ணு நிலைமையும் அதான்," என்று பொதுவாகச் சொன்னேன்.

"ஜாடியைப் பத்திப் பேசுறியா?" என்றார் அத்தை.

"மேப்பைப் பத்தித்தான்."

"நல்லது. ஏன்னா ஜாடியை உடைச்சது நீதான்."

*

தெரு சின்னது. ஒரு தையல் கடை, ஒரு சைக்கிள் கடை, நெருக்கியடித்த வீடுகள், கொடிகளில் துணி. அத்தை போனில் மேப்பைத் திறந்து பார்த்தார். நான் ஏரியின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தேன். செருப்புகூட நனையவில்லை.

தையல் கடைக்காரம்மா நாங்கள் யாரென்று கேட்கவில்லை. கைப்பையும் போனுமாக யார் வந்தாலும் அரசாங்கம் என்று முடிவு செய்துவிடும் அளவுக்கு அந்த வாரம் அவரைப் பழக்கியிருந்தது.

"நாங்க தண்ணிக்குள்ள இருக்கோமாம்," என்றார் போனை நீட்டி. "குழாயில தண்ணி வந்து ரெண்டு நாள் ஆச்சு. அதையும் அந்த மேப்புல போடச் சொல்லுங்க."

கோட்டுக்காரரைத் தேட வேண்டிய வேலையே வரவில்லை. தெருக்கோடியில், வெட்டவெளி வெயிலில், கோட்டோடு நின்று ஒரு காலி மனையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே போய், "ஏரியை நகர்த்தச் சொல்லி யாருக்குக் காசு குடுத்தீங்க?" என்று கேட்டேன். துப்பறியும் தொழிலில் சுற்றி வளைப்பது என் வழக்கமில்லை.

கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண் கலங்கியது.

"இந்த மனையும் என்னுது, அந்த மனையும் என்னுது. போன மாசம்தான் வாங்கினேன். ஏரிக்குப் பக்கத்துல அடுக்கு வீடு கட்டலாம்னு ஆசை. கரைக்கு எவ்வளவு தூரம்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டுத்தான் வாங்கினேன். இப்ப எனக்கும் மெசேஜ் வந்திருக்கு. இதை இனிமே மீனுக்குத்தான் விக்கணும்."

என் திருடன் என் கண் முன்னாலேயே கரைந்து போனான். அத்தை என்னைப் பின்னுக்குத் தள்ளி முன்னே வந்தார்.

"விழாவுல முன் வரிசையில இருந்தீங்களே, என்ன பாத்தீங்க?"

"என்னத்தைப் பாத்தோம். அமைச்சர் பட்டனை அமுக்கினார், பெரிய திரையில மேப் வந்துச்சு. 'கிழக்கால நம்ம குடியிருப்பு எங்க, என் வீட்டைக் காட்டு'ன்னு அமைச்சர் கேட்டார். மேடையில எல்லாரும் கம்ப்யூட்டரைச் சுத்தி நின்னாங்க. எங்களுக்கு முதுகுதான் தெரிஞ்சுது. கடைசி வரைக்கும் வீடு வரல. திரையை அணைச்சுட்டாங்க, நாங்களும் கை தட்டிட்டோம்."

"வீடு கிழக்கால," என்றார் அத்தை.

"ஆமா."

"ஏரி போனது மேற்கால."

"அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்," என்று கோட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

அத்தை சிரித்தார். தீப்பிடித்த கடையில் மண்ணெண்ணெய் டின் கிடைத்தால் சிரிக்கும் சிரிப்பு அது. வண்டியில் ஏறியதும் மேப் பெண்ணுக்குப் போன் போட்டார். "உன் கணக்குலயே மேப்பைத் திறந்து, லேப்டாப்பை எடுத்துக்கிட்டு பெரிய சார் அறைக்கு வா. உன் கணக்குல, புரியுதா? அந்தப் பேப்பரையும் கொண்டு வா. கையெழுத்து மட்டும் போட்டுடாதே."

"யாரு அத்தை?" என்றேன்.

"வண்டியை எடு. நிருபர்கள் வந்துடப் போறாங்க."

*

இயக்குநர் தலை வாரி, முகத்தில் பவுடர் போட்டு, நிருபர்களுக்குத் தயாராக இருந்தார். மேப் பெண் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். நிற்கத்தான் முடிந்தது, உட்காரச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஆள் கிடைச்சாச்சா மேடம்?"

"கிடைச்சாச்சு சார். அதுக்கு முன்னாடி சின்ன சந்தேகம். மேற்கால, அந்தத் தெருவையும் தாண்டி, ரயில் நிலையம் இருக்கே. அது இந்த மேப்புல எங்க வரும்? எனக்குத் தேடத் தெரியல. உங்க மேப், நீங்களே காட்டினா நல்லா இருக்கும்."

உங்க மேப் என்றதும் இயக்குநரின் முகம் மலர்ந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, மவுஸைப் பிடித்தார். மேற்கே இருப்பது தெரிய வேண்டுமானால் மேப்பைக் கிழக்கே இழுக்க வேண்டும். இழுத்தார்.

மேப் நகரவில்லை. நீலக் கத்தரிக்காய் மட்டும் தெருவை விட்டு நகர்ந்து, கிழக்கே போய், தன் சொந்த இடத்தில் உட்கார்ந்தது. அவர் அங்கேயே விட்டிருந்தால் ஊருக்கு நல்லது. ஆனால் ரயில் நிலையம் வரவில்லையே.

"மவுஸ் சரியில்ல," என்று முணுமுணுத்து, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். நீலம் நகர்வதைப் பார்த்து மேப்தான் நகர்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி இன்னும் பையில்தான் இருந்தது. ஏரி தன் இடத்தையும் தாண்டி, அதிகாரிகள் குடியிருப்பின் மேல் போய்ப் படுத்தது.

மேப் பெண் வாயைத் திறந்தாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து என்னமோ கேட்டது. இயக்குநர் கடைசி வரிக்குப் போனார், 'ஆம்' என்பதை அமுக்கினார், லேப்டாப்பை மூடினார். "இன்டர்நெட் மெதுவா இருக்கு. ரயில் நிலையத்தை அப்புறம் பாக்கலாம். யாரு அந்த ஆள்?"

அவருடைய போன் ஒரு தரம் கிணுங்கியது. அவர் கவனிக்கவில்லை. உடனே மேசைத் தொலைபேசி அடித்தது.

"சொல்லு... என்ன மெசேஜ்? நம்ம வீட்டையா? ஏழு நாள்லயா? யாருடி சொன்னது?"

மறுமுனையில் அவருடைய மனைவி சொன்ன பதில் எனக்கே கேட்டது. உங்க துறைதான் சொல்லுது என்றார் அந்த அம்மா. இயக்குநர் போனை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். உதவியாளர் என்ற முறையில் நான் வாங்கிப் படித்துக் காட்டினேன்.

"'தங்கள் வீடு ஏரியின் எல்லைக்குள் அமைந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் காலி செய்யவும். இது தானியங்கிச் செய்தி. பதில் அனுப்ப வேண்டாம்.' மனுஷக் கையே படலை சார்."

இயக்குநர் லேப்டாப்பைப் பார்த்தார், தன் வலது கையைப் பார்த்தார். அத்தை பொறுமையாகப் பேசினார்.

"பாக்குற கணக்குல திறந்தா மேப் நகரும். இந்தப் பொண்ணு கணக்குல திறந்தா ஏரியைப் பிடிச்சு நகர்த்தலாம். பாக்குற கணக்கு உங்களுக்குக் குறைச்சலாப் போச்சு. அன்னிக்கு அமைச்சர் கிழக்கால இருக்குற வீட்டைக் கேட்டார், நீங்க மேற்கால இழுத்தீங்க, ஏரி தெரு மேல போச்சு. இன்னிக்கு நான் மேற்கால ரயில் நிலையத்தைக் கேட்டேன், கிழக்கால இழுத்தீங்க. ரெண்டு தடவையும் பெட்டி வந்து 'மாற்றங்களைச் சேமிக்கவா'ன்னு கேட்டுச்சு. ரெண்டு தடவையும் படிக்காம ஆம்னு சொன்னீங்க. சதியும் இல்ல, காசும் இல்ல சார்."

இயக்குநர் சிரித்தார். மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பில் தெம்பு வந்தது.

"சரி, தெரியாம ஒரு சின்னக் கைப்பிசகு. யாருக்கும் நடக்குறதுதான். இதைப் போய்ப் பெருசு பண்ணணுமா? ஏம்மா, சீக்கிரம் பழையபடி வச்சுடு."

"காலையில இது சதி. ஜெயில். இப்ப கைப்பிசகா?" என்றார் அத்தை. "நான் ஒரு மாமியார் சார். எனக்குத் தெரியாத மண்குடமா?"

பெருமையாக இருந்தது. ஜாடியை மறந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இயக்குநர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "அது கிடக்கட்டும். நீ திருத்தும்மா."

மேப் பெண் அசையவில்லை. "திருத்த முடியாது சார்," என்றாள். "அமைச்சர் கையால திறந்து வச்ச மேப்."

அவர் போன் மறுபடி அடித்தது. திரையில் அமைச்சர் என்று வந்தது. அமைச்சருக்கும் வீடு அதே குடியிருப்பில்தான். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. இயக்குநரின் பவுடரில் வியர்வை கோடு போட்டு இறங்கியது.

"என்னம்மா வேணும் உனக்கு?"

அவள் வாக்குமூலத்தை மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்தார். நான்காகக் கிழித்தார், பிறகு எட்டாக. அத்தை அவளைத் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் லேப்டாப்பைத் திறந்து ஏரியைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். தையல் கடையும் சைக்கிள் கடையும் கோட்டுக்காரரின் மனைகளும் தண்ணீரிலிருந்து வெளியே வந்தன. ஆனால் சேமிக்கவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"எல்லையை மாத்தினா மட்டும் பத்தாது. போன மெசேஜை ரத்து பண்ணணும்னா, தப்பு யாரோடது, காரணம் என்னன்னு எழுதினாத்தான் ஏத்துக்கும் சார். அப்படித்தான் செஞ்சிருக்கேன். எழுதினதை நிருபர்களும் பாக்கலாம். யார் வேணும்னாலும் வீட்டுல உக்காந்தே பாக்கலாம்."

போன் மூன்றாம் முறை அடிக்கத் தொடங்கியது. இயக்குநர் ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினார். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'நான்தான் நகர்த்திவிட்டேன்' என்று தட்டினார். சின்னப் பெட்டி வந்தது. அவர் விரல் பழக்கத்தில் 'ஆம்' பக்கம் போய், பாதியில் நின்றது.

"அமுக்கிடவா?" என்று கேட்டார்.

மேப் பெண் அவருடைய சட்டைப்பையைக் காட்டினாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கங்க சார். படிச்சுட்டு அமுக்குங்க."